அடுப்பை வீட்டில் விட்டு வாருங்கள்



சென்ற மாதம் எங்கள் ருவான்வெல்லையில் பெண்களுக்கான பயான் ஒன்று முடிந்து கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. வழமையாக வரும் கேள்விகள்தான் வந்தன. ஹைளு, நிபாஸ், நகைக்கு ஸகாத், மாமியார் மருமகள் பிரச்சினை. கடைசியில் திரைக்கு அப்பாலிருந்து ஓர் இளம் சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மௌலவி, வருகிற விடுமுறைக்குப் பிள்ளைகளை உடவளவைக்குக் கூட்டிக்கொண்டு போய், காட்டில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்குவது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையோடு நானும் போகலாமா? தொழுகையை எப்படிச் செய்வது? பொம்பளைக்குக் காட்டில் என்ன வேலை என்று மாமி கேட்கிறார்.”

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்னே, பின்வரிசையிலிருந்து முதிர்ந்த குரல் ஒன்று எழுந்தது: “என்ன வேலையா? இங்கே செய்கிற அதே வேலைதான் மகள். அங்கேயும் போய் ஆக்க வேண்டியதுதான்!”

திரைக்கு அப்பால் ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த மூத்த சகோதரி என் வீட்டுக் கதையைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்அலா பிறகு வரட்டும்.

2017 ஆம் ஆண்டு நாங்கள் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து உடவளவைக்குப் போனோம். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் ஐவர். காட்டுக்குள் கூடாரம் அடிப்பதற்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில், தண்ணீர் தெரியும் தூரத்தில் தங்கினோம். “காட்டில் ஆக்கிச் சாப்பிட்டால்தான் ருசி” என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். அரிசி, ஆட்டிறைச்சி, தேங்காய், துருவலை, சட்டி, அகப்பை என்று பாதிச் சமையலறை வேனின் கூரையில் ஏறியது. பகல் இரண்டு மணிக்கு என் மனைவியும் நண்பரின் மனைவியும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள். ஈர விறகு பிடிக்க மறுத்தது. மாலை ஐந்தரை மணியளவில் யானைக் கூட்டமொன்று தண்ணீருக்கு இறங்கியது. வழிகாட்டி கையைக் காட்ட, நாங்கள் ஆண்களும் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். குட்டியொன்று சேற்றில் வழுக்கி விழுந்து, தாயின் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பியது. சுப்ஹானல்லாஹ்! பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மறுநாள் திரும்பி வரும்போது பெல்மதுளையைத் தாண்டியதும் எங்கள் சின்ன மகன் கேட்டான்: “உம்மா, அந்தக் குட்டி விழுந்ததைப் பார்த்தீங்களா?”

“நான் புகையைத்தான் பார்த்தேன், மகன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளை கேட்டான், அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். இரத்தினபுரி வரும் வரை வேனில் நான் வாய் திறக்கவில்லை. பெண்களின் உரிமை என்று எத்தனை குத்பாக்கள் ஓதியிருப்பேன்!

ஆகவே, சகோதரியே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: தாராளமாகப் போகலாம். கணவரோடும் குடும்பத்தோடும் போகிறீர்கள், ஒழுக்கத்தோடு போகிறீர்கள், பிறகென்ன தடை? உலாவி மனம் ஆறுவதை நம் ஷாபிஈ கிதாபுகள் ‘தனஸ்ஸுஹ்’ என்று பெயர் சொல்லி, ஆகுமான நோக்கமாகவே பேசுகின்றன. ஆனால் போகிறவர் நீங்களாக இருக்க வேண்டும், உங்கள் அடுப்பாக இருக்கக் கூடாது.

பொம்பளைக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்கும் மாமிக்கு இரண்டு மூன்று சம்பவங்களை நினைவூட்டுங்கள், மரியாதையோடு. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்று ஜெயித்தது ஆயிஷா நாயகி. வருடங்கள் கழித்து இன்னொரு பந்தயத்தில் நபியவர்கள் முந்திவிட்டு, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள். அபூதாவூதிலும் அஹ்மதிலும் வருகிற செய்தி இது. அன்று அவர்களைச் சுற்றி இருந்தது திறந்த வெளிதானே? இன்னொரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் பாட்டுப் பாடி ஒட்டகங்களை வேகமாக ஓட்டினார். மேலே பெண்கள் இருந்தார்கள். கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கின்றன, மெதுவாகப் போ என்று நபியவர்கள் அவருக்குச் சொன்னதை புகாரியும் முஸ்லிமும் பதிந்து வைத்திருக்கிறார்கள். (நம் வேன் சாரதிகளுக்கு இந்த ஹதீஸை எழுதி முன் கண்ணாடியில் ஒட்டலாம். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வரையுள்ள வளைவுகளில் சில சாரதிகள் ஓட்டும் ஓட்டத்தைப் பார்த்தால் அன்ஜஷாவே பயந்துவிடுவார்.)

எல்லாவற்றிலும் பெரியது, கழுத்து மாலை காணாமற்போன சம்பவம். ஆயிஷா நாயகியின் மாலை பயணத்தில் தொலைந்துவிட்டது. அதைத் தேடுவதற்காக முழுப் படையும் தங்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, அவர்களிடமும் இல்லை. ஒரு மாலைக்காக எல்லாரையும் நிறுத்திவிட்டாயே என்று தகப்பனார் அபூபக்ர் (ரலி) மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்களோ மனைவியின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது தயம்மும் உடைய ஆயத்து இறங்கியது. இன்றைக்கு உலகத்தில் தண்ணீர் கிடைக்காத முஸ்லிம் எவரும் மண்ணைத் தொட்டுத் தொழுகிறார் என்றால், அந்தச் சலுகை வந்தது ஒரு பெண்ணுடைய மாலைக்காகத் தங்கிய அந்த இரவில். வெட்டவெளியில் தங்குவது பெண்ணுக்குப் பொருந்தாத காரியம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கேகாலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யானை என்றால் பின்னவலைதான். 1975 இல் தொடங்கிய அந்த யானைகள் சரணாலயத்துக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் போகாத பிள்ளை நம் பக்கத்தில் இல்லை. நல்ல இடம். ஆனாலும் அங்கே யானை ஆற்றுக்குப் போவதும் வருவதும் பாகனின் சொற்படிதான். காட்டு யானையைக் காட்டிலே பார்ப்பது வேறு. வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இடமிழந்த விலங்குகளுக்காக 1972 இல் உடவளவை தேசியப் பூங்காவைப் பிரகடனம் செய்தார்கள். முந்நூறு சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். புல்வெளி அதிகம் என்பதால், சிங்கராஜா போன்ற அடர்ந்த மழைக்காட்டைவிட இங்கே சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு யானை இலகுவாக அகப்படும். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, றப்பர் தோட்டத்தில் பால் வெட்டக்கூட முடியாமல் இருக்கும் மாதங்களில் அங்கே வெயில் காயும். வரட்சியில் மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். இங்கே மழை என்று பயணத்தைத் தள்ளிப் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உடவளவையிலேயே தாயிழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களம் 1995 இல் ஆரம்பித்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தாய் வெடிபட்டு இறந்த குட்டிகளும், கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டிகளும், வாய்வெடியில் காயம்பட்ட குட்டிகளும் அங்கே வருகின்றன. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பால். புனலில் ஊற்ற, குழாய் வழியாகக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று அடம் பிடிக்கும் குட்டியைப் பார்த்து உங்கள் பிள்ளை சிரிக்கும், நீங்களும் சிரிப்பீர்கள். தொடவோ தடவவோ விடமாட்டார்கள். தூரத்து மேடையிலிருந்து பார்ப்பதோடு சரி. ஏனென்றால் இந்தக் குட்டிகள் மனிதனோடு பழகிவிடக் கூடாது. ஐந்து வயதளவில் அவற்றைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதல் கூட்டம் 1998 இல் போயிற்று. இதுவரை நூற்றுக்கு மேல் போய்விட்டன.

எங்கள் மகள் அங்கே நின்று, “வாப்பா, இதுகளுக்கு உம்மா இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப யாரு இதுகளைத் தூங்க வைக்கிற?” நபி (ஸல்) அவர்கள் எத்தீமாக வளர்ந்ததை நான் மத்ரஸாவில் எத்தனையோ வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் என் மகளின் மனதில் இறங்கியது அந்த மேடையில் நின்ற பிறகுதான். அன்றிரவு துஆவில் அவளாகவே யானைக் குட்டிகளையும் சேர்த்துக்கொண்டாள்.

யானைகளைப் பற்றி இன்னொரு விஷயம். இதைக் கேட்டால் உங்களில் பலர் மகிழ்வீர்கள். யானைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது வயதில் மூத்த பெண் யானை. எந்தக் குளத்தில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தப் பாதை பாதுகாப்பு என்பதெல்லாம் அந்த உம்மும்மாவின் நினைவில் இருக்கும். குட்டியைப் பெற்றவள் மட்டுமல்ல, சாச்சிமாரும் பெரியம்மாமாரும் சேர்ந்தே வளர்க்கிறார்கள். வளர்ந்த ஆண் யானை கூட்டத்தை விட்டு விலகி வெளியே திரியும். இதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

தொழுகைக்கு வருவோம். அந்தச் சகோதரிக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. நம் மத்ஹபில் கஸ்ரும் ஜம்உம் செய்வதற்குரிய தூரம் இரண்டு மர்ஹலா. அதை 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்று கணக்கிடுகிறார்கள். ருவான்வெல்லையிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை வழியாக உடவளவை 100 கிலோமீற்றருக்கு மேலே. ஆகவே ஊர் எல்லையைத் தாண்டியதும் சலுகை உண்டு. ளுஹர், அஸர், இஷா இவ்விரண்டாகச் சுருங்கும். ளுஹரையும் அஸரையும் சேர்க்கலாம், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். மஃரிபும் சுபஹும் சுருங்காது. பின்னவலைக்கோ கித்துள்கலைக்கோ போனால் இந்தச் சலுகை கிடையாது. அவை கிட்டிய இடங்கள். பயணம் போகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக அங்கேயும் சுருக்கித் தொழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஜீப் சவாரிக்குப் பிற்பகலில் போவதென்றால், உள்ளே நுழையும் முன்பே ளுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவிடுங்கள். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள், இறங்கவும் கூடாது. மாலை ஆறு மணிக்கு வாசல் மூடும் வரை அஸரைப் பற்றி நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தால் யானையும் தெரியாது, மயிலும் தெரியாது.

வுளூவுக்குத் தண்ணீர்? ஒரு முத்து அளவு தண்ணீரில் நபியவர்கள் வுளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு அது. ஒரு லீற்றர்கூட வராது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, “இதற்குள் முடித்துக் காட்டு” என்று போட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தயம்மும் என்பது தண்ணீர் உண்மையிலேயே இல்லாதபோது, அல்லது குடிக்க மட்டும் இருக்கும்போது. வேனில் ஐந்து லீற்றர் கான் இரண்டு சும்மா கிடக்க, சோம்பலுக்காக மண்ணைத் தடவினால் தொழுகை கூடாது.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே, பாலைத் தவிர வேறெதுவும் உணவாகச் சாப்பிடாத ஆண் குழந்தை உடுப்பில் சிறுநீர் கழித்தால், அந்த இடம் முழுக்கத் தண்ணீர் தெளித்தாலே போதும். பெண் குழந்தை என்றால் கழுவ வேண்டும். பயணத்தில் தாய்மார் தொழுகையை விட்டுவிடுவதற்குப் பாதிக் காரணம் இந்த உடுப்புப் பிரச்சினைதான். ஆகவே தொழுகைக்கென்று ஓர் உடுப்பைத் தனியாக ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். பிள்ளை அழுகிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் நனைந்த பம்பர்ஸோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழக் கூடாது, நஜீஸைச் சுமந்ததாகிவிடும். மாற்றிவிட்டுத் தூக்குங்கள். ஹைளுக் காலத்தில் இருப்பவருக்குத் தொழுகை இல்லை. அதற்காகப் பயணத்தை விட வேண்டியதும் இல்லை. திக்ருக்கும் துஆவுக்கும் எந்தத் தடையும் கிடையாது.

அடுத்தது கூடாரம். காட்டுக்குள் கூடாரம் அடிக்க வேண்டுமானால் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அவர்கள் ஒதுக்கிய இடத்தில் மட்டுமே அடிக்கலாம். என் சொந்த அபிப்பிராயம்: மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், முதல் முறையே காட்டுக்குள் தங்க வேண்டாம். மலசலகூட வசதி குறைவு, பெண்களுக்கு மறைவான இடம் தேடுவது பெரும்பாடு, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி தூரம். பூங்காவுக்கு வெளியே தோட்டம் வைத்துக் கூடாரம் போட்டுத் தருகிற தங்குமிடங்கள் இருக்கின்றன. குளியலறை இருக்கும், கதவு இருக்கும், பால் காய்ச்ச இடமிருக்கும். பிள்ளைக்கு அதுவும் கூடாரம்தான், அதுவும் காடுதான்.

எங்கே தங்கினாலும், இரவுத் தங்கலுக்கு நபியவர்கள் சொல்லித் தந்த ஒழுங்குகளைப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கச் சொன்னார்கள், இரவில் அது விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் வழி என்பதற்காக. இது முஸ்லிமில் இருக்கிறது. உடவளவையில் வழிகாட்டியும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்: யானைப் பாதையில் கூடாரம் அடிக்காதீர்கள். அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாத்திரங்களை மூடச் சொன்னார்கள். தூங்கப் போகும்போது நெருப்பை அணைக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் இறங்கியதும் ஓத ஒரு துஆவும் சொல்லித் தந்தார்கள். அந்த இடத்தை விட்டுப் புறப்படும் வரை பாதுகாப்பு உண்டு என்ற அந்த ஹதீஸை அறிவித்தவர் கவ்லா பின்த் ஹகீம் (ரலி) என்ற பெண்மணி. மாமிக்கு இதையும் சொல்லலாம்.

பாத்திரத்தை மூடுவதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். வாழைப்பழம், அன்னாசி, கரும்பு கூடவே கூடாது. யானையின் மோப்பம் பொல்லாதது. அதற்குக் கூடாரமும் ஒன்றுதான், கடதாசிப் பையும் ஒன்றுதான். நெருப்பு வளர்த்தால் நீண்ட ஹபாயாவின் ஓரத்தையும் ஷோலின் நுனியையும் கவனியுங்கள். கூடாரத்துணி நொடியில் பற்றிவிடும். பிள்ளை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். காணாமற்போனால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று ஊதப் பழக்குங்கள். அந்த விசிலை வேனில் ஊதி உங்கள் காதைத் துளைப்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீர்த்தேக்கத்தின் அணை வழியே போகும் வீதியில் மின்வேலிக்கு அப்பால் யானைகள் நிற்கும். ரம்போ என்று பெயர் வைக்கப்பட்ட கொம்பன் இல்லாத ஆண் யானை ஒன்று அங்கே பல வருடம் நின்று பேர் பெற்றது. வருகிறவர்கள் பழம் வாங்கி எறிவார்கள். பாவம், பசிக்கிறதே என்று நம் தாய்மார்தான் முதலில் பையைத் திறப்பார்கள்! இரக்கம் நல்லது, ஆனால் இந்த இரக்கம் யானைக்கு எமன். வீதியோரம் தின்னப் பழகிய யானை நாளை வேலியை உடைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் வரும். பிறகு வெடிதான். 2019 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் நம் நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். அந்த மனிதர்களில் பலர் உங்களைப் போல் பிள்ளைகள் உள்ள ஏழைக் கமக்காரர்கள். எறியப்படும் பழத்தோடு பொலித்தீனும் போகிறது. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022 இல் உலகமெங்கும் போயிற்று. பம்பர்ஸ் முதல் டொபி சுற்றிய கடதாசி வரை, கொண்டு போனதையெல்லாம் திருப்பிக் கொண்டு வாருங்கள். இதற்கென்று ஒரு பெரிய பையை ஒரு பிள்ளையின் பொறுப்பில் விட்டுப் பாருங்கள், பொலிஸ்காரனைவிடக் கண்டிப்பாக இருப்பான்.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி வந்து சிறகடித்துத் தவித்தது. இதன் பிள்ளைகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார், திருப்பிக் கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இந்தச் சம்பவத்தைப் புறப்படும் முதல் நாளிரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கூடு கலைக்கிற கை அடங்கிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உடவளவை நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. கால் நனைக்கவும் இறங்க வேண்டாம். ஆனால் எனக்கு அதைவிடப் பயம் நம் வாசலில் ஓடும் களனி கங்கைதான். யட்டியந்தோட்டை, கித்துள்கலை என்று ஒரு நாள் பயணம் போகிறவர்கள் ஆற்றங்கரையில் பாய் விரித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சமைக்க உட்காருகிறார்கள். மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விடும்போது, மழையே பெய்யாமல் ஆறு ஏறும். முழங்கால் அளவிருந்த இடம் இடுப்பளவாகும். குளிக்கப் போய் மூழ்கிய செய்தி வராத விடுமுறைக் காலம் இந்த நாட்டில் அரிது. அத்தகைய ஒரு ஜனாஸாவை நான் தொழுவித்திருக்கிறேன். பத்து வயது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சோற்றை இறக்கத் திரும்பினேன் மௌலவி, அவ்வளவுதானே திரும்பினேன்?” அதற்கு எந்தக் கிதாபிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. பழி அவர் மீது இல்லை. அவர் பின்னால் நான்கு ஆண்கள் கரம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவேதான் அடுப்பை வீட்டில் விட்டு வாருங்கள் என்கிறேன். ருசிக்காக மட்டும் சொல்லும் பேச்சல்ல இது. தண்ணீர் ஓரத்தில் பிள்ளையைப் பார்க்கும் ஆள் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. அந்த ஆள் யார் என்று புறப்படும் முன்பே பெயர் சொல்லித் தீர்மானியுங்கள், மணிக்கு ஒருவராக. வாப்பாமாரின் பெயர் முதலில் வரட்டும்.

அப்படியானால் சாப்பாடு? முதல் நாள் பகலுக்கு வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல், வாழையிலையில் கட்டியது. இரவுக்குப் பாண், சீனிச் சம்பல், அவித்த முட்டை. காலைக்கு வீட்டிலேயே சுட்டுக் கொண்டுபோன ரொட்டியும் கட்டைச் சம்பலும். கைக்குழந்தைக்கு வெந்நீர்ப் போத்தல் இரண்டு. மறுநாள் பகல் வழியில் ஹலால் கடை பார்த்துச் சாப்பிடலாம். “முதல் நாள் வீட்டில் சமைப்பதும் நாங்கள்தானே!” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ, பார்சல் கட்ட ஆண்களையும் பெரிய பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலையில்தான் இருந்தார்கள் என்று ஆயிஷா நாயகியே சொல்லியிருக்கிறார்கள். மானம் போகும் என்று நினைக்கிற கணவருக்காக இந்தப் பக்கத்தை மேசையில் திறந்தபடி வைத்துவிடுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பெரிதல்ல, ஜீப் வாடகைதான் பெரிது. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு ஜீப் எடுத்தால் பாதியாகிவிடும். கடன் வாங்கிப் போகிற பயணம் வேண்டவே வேண்டாம்.

2023 இல் நாங்கள் மறுபடியும் உடவளவைக்குப் போனோம். இந்த முறை வேனின் கூரையில் ஒன்றும் ஏறவில்லை. வெங்காயம் உரித்தது நான். இரண்டு நாளாகக் கை மணத்தது. மாலைச் சவாரியில் ஜீப்பின் முன்வரிசையில் என் மனைவியை உட்கார வைத்தோம். ஒரு வளைவு திரும்பியதும் வீதியோரத்தில் ஒரு தாயும் குட்டியும், அவற்றுக்குப் பின்னால் பற்றைக்குள் இன்னும் நாலைந்து. சாரதி எஞ்ஜினை நிறுத்திவிட்டார். குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் இருக்கும். பிள்ளைகள்கூடப் பேசவில்லை. என் மனைவியும் எதுவும் சொல்லவில்லை. ஷோலின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று புகை எதுவும் இருக்கவில்லை.

கேள்வி கேட்ட சகோதரியின் வீட்டில் பயணம் உறுதியாகிவிட்டதாம். போன ஜும்ஆவுக்குப் பிறகு அவருடைய கணவர் வந்து சொன்னார். மாமியும் வருகிறாராம். ஜீப்பில் முன்வரிசை தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம்.